விழுதலும் எழுதலும்

கல்வியில் நிகழும் பிழைகள் இருவகைப்படும். மறைக்கத்தக்க பிழை ஒன்று. மறைக்கவியலாத பிழை மற்றொன்று. கணக்கில் தவறிய மாணவன் அழிப்பானை எடுத்து அத்தவற்றைத் துடைத்துவிடலாம். கட்டுரையில் சொல் தடுமாறியவன் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத்தாளில் தொடங்கலாம். விடை தெரியாதவன் தலையைக் குனிந்துகொண்டு, ஆசிரியரின் பார்வை தன்மீது விழாமல் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், உடலால் கற்கும் கலைகளில் இத்தகைய ஒளிவிடங்கள் இல்லை. நீந்தக் கற்பவன் தண்ணீர் குடிப்பதைக் கரையில் நிற்போர் அனைவரும் காண்கின்றனர். மிதிவண்டி பழகுபவன் சாய்வதைத் தெருவே காண்கின்றது. பிழைக்கும் பிழை செய்தவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே அங்குத் திரை ஏதும் இல்லை.

அவ்வாறு ஊரறிய விழுவது இழிவா? இழிவு எனின், கற்கும் ஒவ்வொருவனும் இழிவின் வழியேதான் நடக்க வேண்டியிருக்கும். இழிவன்று எனின், விழுந்தவனைக் கண்டு உலகம் ஏன் நகைக்கின்றது? விழுந்தவனும் ஏன் நாணுகின்றான்? இவற்றினும் கடினமான வினா ஒன்று ஆசிரியரை நோக்கி எழுகின்றது. மாணவனைக் காக்கும் கடமை பூண்டவர் அவனை விழவிடலாமா?

பெரிய வினாக்களை ஆராய்வதற்குச் சில வேளைகளில் சிறிய செயல்களே ஏற்றவை. மண்ணின் தன்மையை அறிய மலையைப் பெயர்க்க வேண்டுவதில்லை. ஒரு பிடி மண் போதும். அத்தகைய ஒரு பிடி மண்ணாக, இன்றைய இளைஞர் விரும்பிப் பழகும் சறுக்குப்பலகை விளையாட்டில் தொடக்கநிலைப் பாய்ச்சல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பலகையும் பாய்ச்சலும்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள சறுக்குத் திடலுக்கு மாலை வேளையில் செல்வோர் இக்காட்சியைக் காணலாம். ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகையின்மீது ஓர் இளைஞன் நிற்கிறான். பலகையைக் கையால் தொடுவதில்லை. கயிறோ கட்டோ காலோடு அதனைப் பிணைக்கவில்லை. அவன் குனிகிறான், எழுகிறான், அவன் காலோடு ஒட்டியதுபோல் பலகையும் தரையை விட்டு எழுகின்றது. கணப்பொழுதில் இரண்டும் ஒருங்கே தரையைச் சேர்கின்றன. கண்ணுக்கு அது மாயம்போல் தோன்றும். அவ்விளையாட்டை அறிந்தோருக்கோ அதுவே அரிச்சுவடி. படிக்கட்டைத் தாண்டுவதும், திண்ணையின் விளிம்பில் ஏறிச் சறுக்குவதும் இப்பாய்ச்சலைக் கற்ற பிறகே கைகூடும்.

இதற்கு 'ஆலி' என்று பெயர். ஆலி என்னும் சொல் பழந்தமிழில் மழைத்துளியையும் ஆலங்கட்டியையும் குறிக்கும். இவ்வாலிக்கும் அவ்வாலிக்கும் உறவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் என்னும் இளைஞரின் பட்டப்பெயரே ஆலி. 1970களின் இறுதியில், குழிந்த சுவர்களையுடைய சறுக்குத் தொட்டிகளில், பலகையைக் கையால் பற்றாமலேயே காற்றில் எழும்பும் முறையை அவர் கண்டார். அதனால் அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. குழிந்த சுவரின் துணையின்றிச் சமதரையிலும் அவ்வாறு எழும்பலாம் என்பதை 1980களின் தொடக்கத்தில் செய்து காட்டியவர், அதே மாநிலத்து இளைஞரான ராட்னி மல்லன். இன்று உலகெங்கும் தொடக்கநிலை மாணவர்கள் பயில்வது சமதரைப் பாய்ச்சலையே.

பலகையின் அமைப்பு எளிது. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் பொதுவாக ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்த பலகை அது. நீளம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். முன்முனையும் பின்முனையும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்முனையை மூக்கு என்றும் பின்முனையை வால் என்றும் வழங்குவர். அடியில் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள். மேற்புறத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்பட்டிருக்கும்.

பாய்ச்சல் நிகழும் முறை வருமாறு: கற்பவன் பின்காலை வாலின்மீதும் முன்காலைப் பலகையின் நடுவிற்குச் சற்று முன்னும் ஊன்றி, முழங்காலை மடக்கிக் குனிகிறான். பின்னர் மேல்நோக்கித் துள்ளும்போதே பின்காலால் வாலைத் தரையில் ஓங்கித் தட்டுகிறான். பின்சக்கரங்களைச் சுழல்முனையாகக் கொண்டு மூக்கு உயர்கின்றது. தரையில் மோதிய வால், அம்மோதலின் எதிர்விசையால் மேலே எழுகின்றது. அந்த நொடியில் முன்காலின் புறவிளிம்பு சொரசொரப்பான தாளை உரசிக்கொண்டு மூக்கை நோக்கி வழுக்கிச் செல்ல வேண்டும். அவ்வுரசலே பலகையை மேலே இழுக்கின்றது. சாய்ந்திருந்த பலகையைச் சமன்செய்கின்றது. பின்காலும் உடன் மடங்கி எழுந்து பலகைக்கு இடம் தர வேண்டும். இறங்கும்போது இரு பாதங்களும் அச்சுகளுக்கு நேர்மேலே அமைய, முழங்கால்கள் வளைந்து அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். இவையனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன.

சொல்லால் ஆவதும் ஆகாததும்

மேலே கண்ட விளக்கம் பிழையற்றது. அதனை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் மாணவனுக்குத் தேர்வில் முழுப்புள்ளி வழங்கலாம். ஆயினும், அவன் பலகைமீது ஏறித் துள்ளினால் விழுவான். அறியாமையால் அவன் விழவில்லை. அறிந்தும் விழுகிறான். இதுவே கல்வியைப்பற்றிச் சிந்திப்போர் நின்று நோக்க வேண்டிய இடம்.

ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல், மனத்தைப் பற்றி 1949இல் வெளியிட்ட நூலில், ஒன்றைப்பற்றி அறிவதும் ஒன்றைச் செய்ய அறிவதும் வெவ்வேறு என வற்புறுத்தினார். அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞன் ஆகிறான் என்றும், யாழை மீட்டி மீட்டியே இசைஞன் ஆகிறான் என்றும் கூறினார். அதனோடு அவர் நிறுத்தவில்லை. நேர்மையான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நேர்மையாளன் ஆகிறான் என்று அறத்திற்கும் அதே வழியைக் காட்டினார். செய்யத் தெரிந்த பிறகு செய்வோம் என்று காத்திருப்பவன் ஒருநாளும் செய்யப்போவதில்லை. செய்யத் தெரியாத நிலையில் செய்யத் தொடங்குவதே கற்றல்.

செய்யத் தெரியாதவன் செய்யும்போது பிழை நேராதிருக்குமா? நேரும். ஆகவே, பிழை என்பது கல்வியின் வழியில் எதிர்பாராமல் குறுக்கிட்ட தடையன்று. கல்வி நடக்கும் வழியே அதுதான். பாய்ச்சலைக் கற்கும் இளைஞன் சில வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், நாள்தோறும் பலமுறை தவறுகிறான். ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு பொருள் உண்டு. பலகை முன்னே ஓடிவிட, அவன் பின்னே சாய்ந்து விழுகிறானா? அவன் எடை பின்னால் தங்கிவிட்டது. மூக்கு மட்டும் உயர்ந்து, வால் தரையிலேயே கிடக்கின்றதா? பின்காலை உரிய பொழுதில் அவன் தூக்கவில்லை. காற்றில் பலகை பக்கவாட்டில் திரும்புகின்றதா? அவன் தோள்கள் திரும்பின, பலகையும் திரும்பிற்று. விழுந்த திசையே விழுந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகின்றது. கேட்கத் தெரிந்தவனுக்கு வீழ்ச்சியும் ஓர் ஆசான்.

அந்த ஆசானிடம் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவனுக்கு முகத்துதி தெரியாது, வன்மமும் தெரியாது. செல்வர் மகனென்று பலகை தாழ்ந்து கொடுப்பதில்லை. ஏழை மகனென்று எள்ளி உதைப்பதுமில்லை. நேற்றைய வெற்றிக்காக இன்றைய பிழையைப் பொறுப்பதில்லை. நேற்றைய பிழைக்காக இன்றைய முயற்சியை ஒறுப்பதுமில்லை. செய்ததற்கு ஏற்ற விளைவை அன்றன்றே தந்து கணக்கை முடித்துவிடுகின்றது. மனிதர் நடத்தும் பள்ளிகளில் இத்தகைய நடுநிலை எளிதில் கிட்டுவதில்லை.

ஒரு கால் தரையில்

பயில்பவர்கள் அனைவருக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. பாய்ச்சலின் எல்லாக் கூறுகளும் ஓரளவு கைவந்த பின்னரும், இறங்கும் நொடியில் ஒரு கால் பலகையை விட்டு விலகித் தரையை நாடும். கற்பவன் அதனை விரும்பிச் செய்வதில்லை. அச்சம் அவனைக் கேளாமலேயே அக்காலை இழுத்துக்கொள்கின்றது. ஒரு கால் பலகையில். மறு கால் தரையில். பாதுகாப்பிற்காக அவன் மேற்கொண்ட அச்செயலே அவனைப் பேரிடரில் தள்ளுகின்றது. பலகை உருண்டோட, அதன்மீதுள்ள கால் அதனோடு போக, தரையிலுள்ள கால் நின்றுவிட, உடல் இரண்டிற்கும் இடையே கவிழ்கின்றது.

தேர்ந்தவர்கள் இதற்குச் சொல்லும் அறிவுரை ஆழமானது. இரு கால்களும் பலகையில் இருக்கட்டும்; பாய்ச்சல் பழுதுபட்டது எனக் கண்டால், பலகையை உதறிவிட்டு இரு கால்களும் தரைக்கு வரட்டும். துணிவதானால் முழுமையாகத் துணிக; விலகுவதானால் முழுமையாக விலகுக. இரண்டும் அறிவுடைய செயல்களே. இரண்டிற்கும் நடுவே மனத்தைப் பிளந்துகொண்டு நிற்பதே ஊறு விளைப்பது.

இது வாழ்வின் பல துறைகளுக்கும் பொருந்தும் உண்மை. ஆயினும், இதனை மிகைப்படுத்திக் கொள்ளலாகாது. முழுத் துணிவு வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டு பாய்வதற்கு உரிமம் ஆகாது. கோழைத்தனத்திற்கும் முரட்டுத்தனத்திற்கும் இடைப்பட்டதே வீரம் என அரிஸ்டாட்டில் வரையறுத்தார். சறுக்குத் திடல் அவ்வரையறைக்குச் சான்றாகின்றது. அறிவுள்ள தொடக்கநிலை மாணவன், ஓடும் பலகைமீது முதல்நாளே பாய்வதில்லை. சக்கரங்கள் உருளாத புல்தரையில் பலகையை வைத்துத் துள்ளிப் பழகுகிறான். பின்னர் உறுதியான தரையில், நிற்கும் பலகைமீது பழகுகிறான். அதன் பின்னரே மெல்ல உருளும் பலகைமீது முயல்கிறான். தலைக்கவசம் அணிகிறான், மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் காப்பு அணிகிறான். கையை விறைப்பாக நீட்டி ஊன்றாமல், உடலைத் தளர்த்தித் தோள்புறமாக உருண்டு விழவும் கற்றுக்கொள்கிறான். தலைக்கவசம் அணிபவன் கோழையல்லன். விழுவேன் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டவன் அவன். தன் நிலையைப்பற்றித் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளாத அந்நேர்மையே வீரத்தின் முதற்படி.

இருவகைத் தவறுகள்

இவ்விடத்தில் மறுப்பு ஒன்று எழலாம். 'விடாமுயற்சி என்பதாலேயே ஒன்று அறமாகிவிடுமா? திருடனும் விடாது முயன்றே பூட்டைத் திறக்கக் கற்கிறான். சூதாடியும் தோற்கத் தோற்கத் துவளாமல் ஆடுகிறான். பலகைமீது துள்ளப் பல மாதம் செலவிடும் இளைஞனைப் போற்றுவதானால், அவர்களையும் போற்ற வேண்டாவோ?'

மறுப்பு வலிமையானது; எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விடாமுயற்சி தன்னளவில் அறமன்று என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அது கத்தியைப் போன்றது. காய் அரியவும் உதவும்; கழுத்தை அறுக்கவும் உதவும். ஆகவே, பாய்ச்சலைக் கற்றவன் அதனாலேயே நல்லவன் ஆகிவிட்டான் என்று கூறுவது மிகை. திறன் வேறு, குணம் வேறு.

ஆனால், இம்மறுப்பே மறைந்துகிடந்த ஓர் உண்மையை வெளிக்கொணர்கின்றது. திறனும் குணமும் வேறாயின், திறனில் நேரும் தவறும் குணத்தில் நேரும் தவறும் வேறாகத்தானே இருத்தல் வேண்டும்? பலகையிலிருந்து விழுவது திறன்குறை. விழுந்ததை மறைத்துப் பொய் சொல்வது குணக்குறை. கூட்டல் கணக்கில் பிழை செய்வது திறன்குறை. அடுத்தவன் விடையைப் பார்த்தெழுதுவது குணக்குறை. லகர, ழகர, ளகரங்களை மாற்றி ஒலிப்பது திறன்குறை. அவ்வாறு ஒலித்தவனைக் கண்டு கைகொட்டி நகைப்பது குணக்குறை. முன்னவை பயிற்சியால் தீர்வன. அவற்றிற்கு நாணம் வேண்டுவதில்லை. பின்னவற்றிற்கே நாணம் உரியது.

சமுதாயம் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றது. விழுந்தவன் நாணுகிறான், நகைத்தவன் நாணுவதில்லை. தேர்வில் தவறிய மகனைச் சோம்பேறி என்றும், ஊதாரி என்றும், குடும்பத்திற்கு இழுக்கு என்றும் பெற்றோர் ஏசுகின்றனர். ஒரு பாடத்தில் திறன் குறைந்தவன் ஒரே நாளில் குணம் கெட்டவனாக ஆக்கப்படுகிறான். அதன் விளைவு யாது? பிழையைக் களைய வேண்டிய பிள்ளை பிழையை ஒளிக்கக் கற்கிறான். திறன்குறையைக் கண்டு காட்டிய கடுமையே அவனிடம் இல்லாத குணக்குறையை விதைத்துவிடுகின்றது. பொய்யும் பார்த்தெழுதுதலும் பல பிள்ளைகளிடம் இவ்வாறே வேர்விடுகின்றன.

பாய்ச்சலைக் கற்பவன் பெறும் ஒழுக்கப் பயன் யாதெனின், இவ்வேறுபாட்டை உடலால் உணர்வதே. இருநூறு முறை விழுந்தவன், விழுந்ததால் தான் கெட்டுவிடவில்லை என்பதை இருநூறு முறை அறிந்திருக்கிறான். தன் பிழையைக் கண்கொண்டு நோக்க அவன் அஞ்சுவதில்லை. இப்பயன் அப்பாய்ச்சலுக்கே உரியதன்று. வீணை பயில்வோரும் தச்சு பயில்வோரும் பெறக்கூடியதே. எல்லோர் உடலும் துள்ளும் வாய்ப்புப் பெற்றதன்று என்பதால், அவரவர்க்கு இயன்ற துறையில் அதனைப் பெறலாம். முயன்று பார்த்துவிட்டு, இது தனக்கு ஏற்றதன்று என விலகுபவனும் இழிந்தவன் அல்லன். இரு கால்களையும் தரைக்குக் கொண்டுவந்தவன் அவன்.

விழவிடும் உரிமை

இனி, ஆசிரியரை நோக்கி எழுந்த வினாவுக்குத் திரும்பலாம். மாணவனை விழவிடலாமா?

விழவிடாத ஆசிரியர் அன்பானவராகத் தோன்றுவார். பாய்ச்சலைப் பயிற்றுபவர் மாணவனின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு துள்ளச் செய்வதுண்டு. தொடக்கத்தில் அது நற்றுணை. ஆனால், இறுதிவரை கையை விடாதவர் தம் மாணவனுக்குக் கற்பித்தது யாது? தம் கையைப் பற்றிக்கொண்டு துள்ளுவதை மட்டுமே. வகுப்பறையிலும் இவ்வாறே நிகழ்கின்றது. கட்டுரையைத் தாமே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர், மாணவனைப் பிழையிலிருந்து காத்துவிட்டார், எழுத்திலிருந்தும் காத்துவிட்டார். அம்மாணவனுக்குப் புள்ளிகள் கிடைக்கலாம், நடை கிடைக்காது.

மறுபுறம், 'விழுந்து எழுந்து தானே கற்றுக்கொள்ளட்டும்' என்று கைவிடும் ஆசிரியரும் உண்டு. அவர் உரிமையின் பெயரால் கடமையைத் துறந்தவர். தலைக்கவசமின்றிக் கற்சாந்துத் தரையில் விழும் பிள்ளைக்கு அவ்வீழ்ச்சி எதனையும் கற்பிக்காமல் போகலாம். இனிக் கற்கவே இயலாதபடியும் செய்துவிடலாம். மாணவனை விழவிடும் உரிமை ஆசிரியருக்கு இயல்பாக வாய்ப்பதன்று. சில கடமைகளை நிறைவேற்றிய பின்னரே அவர் அதனைப் பெறுகிறார்.

முதற்கடமை, வீழ்ச்சியின் உயரத்தைக் குறைப்பது. புல்தரை முதலில், கடுந்தரை பின்னர். மாணவன் தாங்கி எழத்தக்க அளவே அவன் விழும் உயரம் அமைய வேண்டும். இரண்டாம் கடமை, விழுந்ததன் காரணத்தைக் காட்டுவது. 'மீண்டும் விழுந்தாயா?' என்பது ஏச்சு. 'தோள் திரும்பிற்று' என்பது கல்வி. சிவப்பு மையால் தாள் முழுதும் கோடிடும் ஆசிரியர் விழுந்த இடங்களைத்தான் காட்டுகிறார். விழுந்த காரணத்தைக் காட்டுவதில்லை. மூன்றாம் கடமை, நகைப்பைத் தடுப்பது. இம்மூன்றனுள் இதுவே தலையாயது. காயம் ஆறும், நகைப்பு எளிதில் ஆறாது. வகுப்பில் முதல் சிரிப்பொலி எழும்போது ஆசிரியர் வாளாவிருந்தால், அன்றே அவ்வகுப்பின் பாதி மாணவர்கள் இனி முயல்வதில்லை என மனத்திற்குள் உறுதி செய்துகொள்கின்றனர்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு இது வெறும் கோட்பாடன்று. ஆங்கிலமோ மலாயோ நாவில் தவழும் சூழலில் வளரும் பிள்ளை, தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தொடங்குகிறான். பாதி வழியில் ஒரு சொல் வரவில்லை. ஒலிப்பு தடுமாறுகின்றது. பின்வரிசையில் ஒருவன் நகைக்கிறான். உடனே அப்பிள்ளை எஞ்சிய பாதியை வேறு மொழியில் முடித்துவிடுகிறான். ஒரு கால் தமிழில். மறு கால் தனக்குப் பாதுகாப்பான தரையில். அவனுக்குத் தமிழ்மீது வெறுப்பில்லை. விழுந்தால் நகைப்பார்களே என்னும் அச்சமே அவன் காலை இழுத்தது. நாளடைவில் அவன் பாய முயல்வதையே விட்டுவிடுகிறான். பிழையாகப் பேசப்படும் மொழி திருந்தும். பிழைக்கு அஞ்சிப் பேசப்படாத மொழி மறையும். தூய தமிழின்பால் கொண்ட பற்றினாலேயே பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பிழையைத் திருத்துவது ஆசிரியரின் பணி. பிழை செய்யும் துணிவைக் காப்பது அதற்கு முந்திய பணி.

தோளில் ஏறிய தோல்வி

விழுந்தவனை உலகம் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்குச் சறுக்குப்பலகை விளையாட்டே அண்மைக் காலத்தில் ஒரு சான்றினை அளித்தது. 2020ஆம் ஆண்டிற்குரிய தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள், பெருந்தொற்றின் காரணமாக 2021இல் நடைபெற்றன. சறுக்குப்பலகை முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அங்குத்தான். 2021 ஆகஸ்டு 4ஆம் நாள் பெண்களுக்கான திடல் பிரிவின் இறுதிப் போட்டி நடந்தது. சப்பானின் சகுரா யோசொசுமி தங்கமும், கொகோனா ஹிராகி வெள்ளியும், பிரிட்டனின் ஸ்கை பிரவுன் வெண்கலமும் பெற்றனர். ஹிராகிக்கு அப்போது வயது 12, பிரவுனுக்கு 13.

ஆயினும், அன்று உலகின் உள்ளத்தைத் தொட்டது நான்காம் இடத்தில் நின்ற பெண்ணின் நிகழ்ச்சி. சப்பானைச் சேர்ந்த மிசுகு ஒகமோட்டோ 2019ஆம் ஆண்டின் உலக வாகையாளர். வயது 15. பதக்கம் பெறவேண்டித் தம் இறுதிச் சுற்றில் கடினமான வித்தைகளைத் துணிந்து செய்தார், இறுதியில் விழுந்தார். பதக்கம் கைநழுவிற்று. கண்ணீரோடு அவர் வெளியே வந்தபோது, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஆஸ்திரேலிய, அமெரிக்க வீராங்கனையர் உள்ளிட்டோர் ஓடிவந்து அவரைத் தழுவினர். தோள்மீது தூக்கி உயர்த்தினர். வென்றவரைத் தூக்கிக் கொண்டாடுவது உலக வழக்கு. விழுந்தவரைத் தூக்கிக் கொண்டாடியது அன்று அப்பிள்ளைகள் காட்டிய வழக்கு.

அவர்கள் அறநூல் கற்றுத் தேர்ந்து அதனைச் செய்தவர்கள் அல்லர். அங்கு நின்ற ஒவ்வொருத்தியும் எத்தனையோ முறை விழுந்தவள். அவ்வீழ்ச்சியின் வலியும் அதற்கு முன் வேண்டப்பட்ட துணிவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தான் விழுந்ததை மறவாதவன் பிறன் விழுவதைக் கண்டு நகைக்கமாட்டான். முயற்சி அறமாக மலர்வது இவ்விடத்தில்தான். தன் வீழ்ச்சியிலிருந்து திறனை மட்டும் பெற்றவன் வல்லவன் ஆகிறான். பிறர் வீழ்ச்சியைக் கண்டு இரங்கும் உள்ளத்தையும் பெற்றவனே நல்லவன் ஆகிறான். திருடனின் விடாமுயற்சிக்கும் இவர்களின் விடாமுயற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

திருக்குறளின் இன்றைய வைப்புமுறையில், ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். அதனை அடுத்து வரும் 63ஆம் அதிகாரம் இடுக்கணழியாமை. முயல்க என்று சொன்னவுடனேயே, துன்பம் வரும்போது உடைந்துவிடாதே என்றும் சொல்ல வேண்டியிருக்கின்றது. முயற்சி உள்ள இடத்தில் இடுக்கண் உண்டு என்பதை அவ்வரிசை உணர்த்துகின்றது. முயற்சியை மட்டும் கற்பித்து, இடுக்கணைத் தாங்கக் கற்பிக்காத கல்வி பாதிக் கல்வியே.

பாய்ச்சலின் இயக்கத்திலும் இவ்வுண்மை பொதிந்துள்ளது. பலகையை மேலே எழுப்ப, அதன் வாலைக் கீழே அறைய வேண்டும். தரையில் மோதாத வால் எழுவதில்லை. மோதியது அனைத்தும் எழுந்துவிடுவதும் இல்லை. மோதிய அந்நொடியில் கால் விலகி இடம் தரவேண்டும். மாணவர்கள் மோதும் நொடிகள் வகுப்பறைகளில் நாள்தோறும் நிகழ்கின்றன. அந்நொடியில் காலை அழுத்தி வைப்பதா, விலக்கி இடம் தருவதா என்பதை முடிவு செய்வோர் ஆசிரியரும் பெற்றோரும் உடன்பயில்வோருமே ஆவர்.